ஹங்கேரிக்காரருக்கு நான் வைத்த பிளக்ஸ்

எங்கள் வீட்டுக்கு வந்தவர் யாரையும் சாப்பிடாமல் போக விட்டதில்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கூட ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் இந்தப் பழக்கத்தில் ஆரம்பித்ததுதான்.

இன்ஸ்பெக்டர் வரலட்சுமி மேடம் என்னிடம் வெள்ளைத் தாள் கொடுத்து, என் சொந்த வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். மின்விசிறிக்கு அடியில் இடமும் ஒதுக்கிக் கொடுத்தார். அதனால் நானும் வரிசை தப்பாமல் எழுதுகிறேன். என் பெயர் திருமலைசாமி. வயது அறுபத்து மூன்று. பீளமேட்டில் சொந்த வீடு. அப்பா காலத்து நூல் மில் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூடிவிட்டோம். எனக்குச் சர்க்கரை உண்டு, வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

மேடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். சலாய் கபோர் என்ற ஹங்கேரி நாட்டுக் கிளாரினெட் கலைஞர் மூன்று வாரம் தங்குவதற்காக என் வீட்டுக்கு வந்தார். மூன்று வருடம் நான்கு மாதம் இருந்தார். எப்படி என்பதுதான் கேள்வி.

அவர் வந்தது ஒரு தை மாதம். ஊரில் சங்கீதப் பிரியமுள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து கச்சேரிக்கு வரவழைத்திருந்தார்கள். ஓட்டலில் ஏதோ தகராறாகி, மேல்நாட்டு டாய்லெட்டும் ஏசியும் உள்ள வீடு வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார்கள். என் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருப்பதால் மாடி காலியாகத்தான் கிடந்தது. கபோருக்கு நாற்பத்தாறு வயது. நல்ல உயரம், முன்வழுக்கை, எதைச் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு. வந்து இறங்கியதும் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அவர்கள் நாட்டில் குடும்பப் பெயரை முன்னாலும் சொந்தப் பெயரைப் பின்னாலும் வைப்பார்களாம். சலாய் என்பது வீட்டுப் பெயர், கபோர் என்பது அவர் பெயர். எங்கள் நாயுடு வீடுகளிலும் அப்படித்தான், இண்டிபேரு முதலில் வரும். வெள்ளைக்காரர்களில் இப்படி ஒரு கூட்டம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கே என் மனைவி ராமாமணியிடம், இவர் ஏதோ ஒரு வகையில் நமக்குச் சொந்தம்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் பருப்பில் நெய்யைக் கூடுதலாகவே ஊற்றினாள்.

அவருடைய தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புடாபெஸ்ட் நகரத்தில் ஓபரா என்கிற பாட்டு நாடகம் நடக்கும் பெரிய அரங்கம் ஒன்றில் பதினான்கு வருடமாக இரண்டாவது கிளாரினெட். இரண்டாவது என்றால், முக்கியமானதை முதல் ஆள் வாசிப்பார், இவர் ஒத்தாசைக்கு வாசிப்பார். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம். பார்க்க வந்தவர்களுக்கு இவர்கள் தலைகூடத் தெரியாதாம். மீதி நேரத்தில் ஜாஸ் வாசித்திருக்கிறார், சர்க்கஸில் வாசித்திருக்கிறார், கார்ட்டூன் படத்தில் பூனை நடப்பதற்கு வாசித்திருக்கிறார். ஆனால் அவர் மனதில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். முதல் கிளாரினெட் வாசித்த பெரியவர் அந்த வருடம் ஓய்வு பெறுகிறார், பங்குனியில் அந்த இடத்துக்குத் தேர்வு. ஊரில் ஜோஃபி என்று ஒரு மகள், அப்போது பதினைந்து வயது. அவருடைய மனைவி பிரிந்துபோய் மகளோடு தனியாக இருந்தார். அந்த இடம் கிடைத்தால், முதல் நாள் நாடகத்துக்கு மகளை அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு மாடியில் சாதகம் செய்வார். நாதஸ்வரத்துச் சீவாளி போல அந்த வாத்தியத்தின் வாயிலும் ஒரு நாணல் துண்டு இருக்கிறது. அதைப் பதப்படுத்துவதற்கு, தொடங்கும் முன் மூன்று முறை கத்தவிடுவார். முதல் வாரம் ராமாமணி, மொட்டை மாடியில் மயில் இறங்கி வடகத்தைக் கொத்துகிறது என்று குச்சியோடு ஏறிப் போனாள்.

கச்சேரி நடந்தது. எண்பது பேர் வந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வாரம் எனக்குத் தம்பி முறையுள்ள ஒருவர் மகளுக்குக் கல்யாணம். நாதஸ்வரக்காரர் வந்த வேன் அவினாசி ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது, தவில்காரர் மட்டும் வந்து தனியாக உட்கார்ந்திருந்தார். என்னோடு டிபன் சாப்பிட வந்த கபோர் எழுந்து போய்க் காரிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார். தவில்காரர் வாயால் பாடிக் காட்டினார், இவர் ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டார். தாலி கட்டும்போது அவர் வாசித்த வாசிப்பில், பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னிடம் வந்து, யாருங்க அவரு என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு ஆள்தான் என்று சொன்னேன்.

அவர் செவ்வாய்க்கிழமை விமானம் ஏற வேண்டும். திங்கட்கிழமை பொள்ளாச்சியிலிருந்து என் நண்பர் பாலுசாமிக் கவுண்டர் வந்தார். தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனிதர். வெள்ளிக்கிழமை அவருக்குப் புதுமனை புகுவிழா. "அதுவரைக்கும் இருந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போகட்டுமுங்களே, ஊரு எங்கீங்க ஓடிப்போகுது?" என்றார். நான் டிக்கெட்டை மாற்றினேன். விமானக் கம்பெனிக்காரர்களே தேதியை மாற்றிவிட்டதாகக் கபோரிடம் சொன்னேன். ஒரு நாள் கூடுதலாக இருக்கச் சொல்வதற்கு நாம் எல்லோரும் இந்த மாதிரி ஏதாவது சொல்வதுதான். அதைப் பொய் என்று நான் எண்ணவில்லை.

பாலுசாமி வீட்டில் பசுமாடு உள்ளே வர மறுத்தது. வாசலில் பளிங்குக்கல் போட்டிருந்தார்கள், அதற்குக் கால் வழுக்கியது. சாஸ்திரத்துக்கு மாடு முதலில் நுழைந்தாக வேண்டும். நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. கபோர் அதற்கு முன்னால் போய் நின்று, பின்பக்கமாக நடந்துகொண்டே வாசித்தார். மாடு அவர் பின்னாலேயே வந்து கூடம், சமையலறை, பூஜை அறை எல்லாம் சுற்றிவிட்டு மாடிப்படி ஏறப் பார்த்தது. அன்று சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே பதினொரு பேர் என்னிடம் தேதி கேட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு விசா நீட்டிப்பதற்கு என்று சொல்லி அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கினேன். அதை ராமாமணியின் பட்டுப் புடவைகளுக்கு அடியில், பீரோவில், பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்தேன். போலீசார் எடுத்தபோது ஒரு மடிப்புகூட இல்லை என்பதை மேடம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய போன் கிரைண்டரில் விழுந்தது. இட்லி மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது. எங்கள் ஊர்க் கிரைண்டர், கழுவிவிட்டதும் பழையபடி ஓடியது. மாவைத்தான் கொட்ட வேண்டியதாயிற்று. போன் தானாக விழவில்லை.

வேறு போனில் பேசியிருக்கலாமே என்று மேடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கேட்ட இடத்திலெல்லாம் எல்லோரும் மறுபேச்சில்லாமல் போனை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் அவருக்கு ஒரு நம்பரும் மனப்பாடம் கிடையாது. நமக்கும் இப்போது யார் நம்பர் தெரிகிறது? மெயிலைத் திறக்கப் பார்த்தால், ரகசிய எண்ணை அந்தக் கிரைண்டரில் விழுந்த போனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லும். டெல்லிக்குப் போய்த் தூதரகத்தில் கேட்கிறேன் என்றார். ஆடி கழியட்டும் என்றேன். ஆவணியில் மூச்சு விட முடியாமல் முகூர்த்தம். புரட்டாசியில் ராமாமணி விரதம், வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போடுகிற நேரத்தில் ஊரை விட்டுப் போவது சரியில்லை. ஐப்பசி அடைமழை. மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம். இவை எதுவும் நான் இட்டுக்கட்டியவை அல்ல, பஞ்சாங்கத்தில் இருப்பவை.

பங்குனித் தேர்வு தள்ளிப்போய்விட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் அவர் சாதகத்தை விடவில்லை. ஓபராவிலிருந்து எனக்கு அடிக்கடி போன் வருகிறது, புதுத் தேதி சொல்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். தினம் காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "போன் வந்துச்சுங்களா?" என்று கேட்பார். இன்னும் இல்லீங்க என்பேன். அந்த மட்டில் அது உண்மை.

அந்த மூன்று வருடத்தில் அவர் தொழிலில் அடைந்த வளர்ச்சி சாதாரணமானதல்ல. அந்தியூர்க் குதிரைச் சந்தையில், எந்தப் பறைக்கும் காலைத் தூக்காத ஒரு வெள்ளைக் குதிரை இவர் வாசிப்புக்கு முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆடியது. குதிரைக்காரர் அதற்குக் கபோர் என்று பெயர் வைத்துவிட்டார். சத்தியமங்கலத்தில் எழுநூறு அடி போயும் புகை மட்டும் வந்த ஒரு போர்வெல்லில் இவர் நாலு மணி நேரம் நின்று வாசித்தபின் தண்ணீர் வந்தது. அதிலிருந்து அந்தப் பக்கம் இவர் இல்லாமல் போர்வெல் வண்டியை நிறுத்த விடுவதில்லை. காதுகுத்து, பெண் பெரியவளான சீர், வளைகாப்பு, கடைத் திறப்பு, கும்மி அரங்கேற்றம், சாவு என்று ஒன்றையும் அவர் விட்டதில்லை. பள்ளத்தில் உட்கார்ந்து ஒத்தாசைக்கு வாசித்தவர், இங்கே மணமக்களுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து வாசித்தார். நெற்றியில் சந்தனம், பட்டு வேட்டி. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்லவில்லையா என்றால், சொன்னார். தமிழ் ஓரளவு வந்ததும் போகிற இடமெல்லாம் சொன்னார். கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். ஒரு தடவை சூலூரில் ஒரு சீர் வீட்டில் அவர் எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, ஊருக்குப் போயிட்டு வாரேனுங்க, ஊருக்குப் போயிட்டு வாரேனுங்க என்று மாறி மாறிச் சொன்னார். செரிங்க, மகராசனாப் போயிட்டு வாங்க என்று வாழ்த்தி, தேங்காய் பழத்தோடு என் காரில் ஏற்றிவிட்டார்கள். காரில் அவர் தேங்காய் பழத்தை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டுப் போட்டேன்.

பிறகு கடிதம் எழுத ஆரம்பித்தார். வாரம் ஒன்று, மகளுக்கு. தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுப்பார். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று கடிதம். ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. தேதிவாரியாக ஃபைலில் கோத்து இத்துடன் கொடுத்திருக்கிறேன். பதில் வராததால், மகள் கோபமாக இருக்கிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கணபதியில் ஒரு சாவு வீடு. அன்றைக்கு வாசித்த மாதிரி அவர் என்றைக்குமே வாசித்ததில்லை. செத்தவரின் பங்காளிகள் இருபது வருடப் பகையை மறந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அதனால் அந்தக் கடிதங்கள் வீண்போகவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ராமாமணி இதில் எந்த வகையிலும் சம்பந்தப்பட்டவள் அல்ல. அவள் சமைத்துப் போட்டாள், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை எங்கள் வீட்டுத் தெலுங்கில், அவரை அனுப்பிவிடுங்கள், பாவம் சேர்க்க வேண்டாம் என்று சொன்னாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

இனி பிளக்ஸ் விஷயம். அதுதான் பெரிய குற்றம் என்று மேடம் சொல்கிறார்.

அவர் வந்த முதல் வருடம் ஐப்பசியில் ஹங்கேரியிலிருந்து விசாரணை வர ஆரம்பித்தது. கச்சேரி நடத்திய நண்பர்களைப் பல மாதம் தேடிப் பிடித்து என் மெயிலை வாங்கியிருக்கிறார்கள். அவருடைய மனைவியாக இருந்தவர் எழுதினார், ஓபராக்காரர்கள் எழுதினார்கள். நல்லா இருக்கிறாரா, எப்போது வருவார் என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முடிவு தெரியாமல் தவிப்பது எவ்வளவு கொடுமை என்று மில் மூடுவதற்கு முந்தைய வருடம் நான் அனுபவித்தவன். முடிவு தெரிந்துவிட்டால் மனம் ஆறிவிடும். ஆகவே கார்த்திகை முதல் வாரம் கபோர் இறந்துவிட்டதாக எழுதினேன். நெஞ்சுவலி, கஷ்டப்படவில்லை, நம் வழக்கப்படி தகனம் செய்து சாம்பலைப் பேரூரில் நொய்யலில் கரைத்துவிட்டோம் என்று எழுதினேன். நாம் ஒன்றைச் சொன்னால் அதற்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். அதனால் பதினாறாம் நாள் காரியம் வைத்தேன்.

காலியாகக் கிடந்த மில் வளாகத்தில் சாமியானா போட்டேன். பத்தடிக்கு எட்டடி பிளக்ஸ். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் கபோர் படம், ஒரு பக்கம் தோற்றம், ஒரு பக்கம் மறைவு, பின்னால் மேகமும் விளக்கும். கீழே வருந்தும் நண்பர்கள் என்று நான், பாலுசாமி, இன்னும் பத்துப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு. பிளக்ஸ் கடைக்காரர் கபோரின் சிரிப்பை மட்டும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.

கபோரும் வந்திருந்தார். காரியத்தில் வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள்? நம் பக்கத்தில் காதுகுத்துக்கு வைக்கிற பிளக்ஸிலேயே ஐம்பது பேர் முகம் இருக்கும். கபோர் தன் படத்தை அதற்குள் நூறு இடத்தில் பார்த்திருந்தார். இது கொஞ்சம் பெரியது, மாலை வேறு போட்டிருந்தது, அவ்வளவுதான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். உங்களை நாங்கள் மறக்க மாட்டோம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். அதுவும் கடைசி வரியில் எழுதித்தான் இருந்தது. நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தார்.

நூற்றிருபது பேர் வந்தார்கள். எல்லோரும் படிக்கத் தெரிந்தவர்கள். பிளக்ஸைப் பார்த்தார்கள், அதன் கீழே வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்கள், என் கையைத் தொட்டுத் துக்கம் விசாரித்தார்கள், சாப்பிட்டார்கள், சொல்லாமல் எழுந்து போனார்கள். காரியத்துக்குப் போன இடத்தில் போய், செத்தவர் யார் என்று குடைவது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. பாலுசாமியின் மனைவி மயிலாத்தாள் மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி மெல்லக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, அவுரு அங்க உக்காந்து வாசிச்சுட்டுத்தானுங்க இருக்கறாரு?"

"அவுங்க ஊருல உசுரோட இருக்கறப்பவே காரியம் செஞ்சு போடுவாங்களாமுங்க."

"அப்புடீங்களா" என்றவர் பிளக்ஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அதும் நல்லதுதானுங்க. யாரு வந்தாங்க, யாரு வல்லீன்னு நாமளே பாத்துக்கலாம்." பிறகு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாசிப்பைக் கேட்டுப் பெண்கள் அழுததைப் படம் பிடித்து, பிளக்ஸ் படத்தோடு சேர்த்து அனுப்பினேன். ஓபராவில் நாடகம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்களாம். அந்த மெயிலையும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். கபோரும் மெல்ல மெல்லப் போன் வந்துச்சுங்களா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

இந்த வைகாசியில் ஜோஃபி எழுதினாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டது, அப்பா கடைசியாக இருந்த ஊரைப் பார்க்க வருகிறேன், சாம்பல் கரைத்த இடத்தில் ஒரு பூ போட வேண்டும் என்று. வேண்டாம் என்று எப்படி எழுதுவது? ஒரு பெண் குழந்தை வருகிறேன் என்கிறாள். கபோரைப் பொள்ளாச்சிக்குப் பாலுசாமி தோப்புக்கு அனுப்பிவிட்டு, மாடியைக் கழுவி வைத்தேன். அப்பாவின் கிளாரினெட் இருக்கிறதா என்று வந்ததும் கேட்டாள். அதையும் உடம்போடு வைத்துவிட்டோம் என்றேன். தலையாட்டினாள். ராமாமணி அவள் முகத்தைப் பார்க்காமல் பரிமாறிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேரூர்ப் படித்துறைக்கு அழைத்துப் போனேன். வாழை இலை, பூ, எள் எல்லாம் முறையாக வாங்கி வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படியில் நின்று அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் ஒரு தெருவிலிருந்து மூன்று கத்தல் கேட்டது. படித்துறையில் இருந்த ஒருவர் மயில் என்றார். ஜோஃபி அப்படியே திரும்பினாள். அப்பாவும் அம்மாவும் பிரியும்வரை அவள் பள்ளிக்கூடத்துக்கு எழுந்தது அந்தக் கத்தலில்தான் என்று பிறகு மேடத்திடம் சொல்லியிருக்கிறாள். அவள் ஓடினாள். கல் குத்துமே என்று அவள் செருப்பை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அன்று பேரூரில் பாலுசாமியின் மச்சினன் மகளுக்கு வளைகாப்பு. பங்குனியிலேயே ஒத்துக்கொண்ட தேதி. பாலுசாமி பாவம், சொன்ன வாக்குத் தவறக்கூடாது என்று கபோரைத் தானே காரில் கூட்டி வந்துவிட்டார். நான் காலண்டரைப் பார்க்கவில்லை. இந்த விஷயத்தில் என் தவறு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மண்டபத்துக்குள் கபோர் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஜோஃபி வாசலில் நின்று "அபா" என்றாள். அவர்கள் மொழியிலும் அப்பாவுக்கு அதுதான் சொல்லாம். மண்டபத்தில் இருந்த யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கபோர் வாத்தியத்தைத் தரையில் வைத்தார். மூன்று வருடத்தில் அவர் அதைத் தரையில் வைத்து நான் பார்த்ததில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வளைகாப்பு வீட்டுப் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல், வந்த பெண் வெறும் கையோடு நிற்கக்கூடாது என்று, அழுதுகொண்டிருந்தவள் கையைப் பிடித்துப் பச்சை வளையல் போட்டுவிட்டார்கள். பொருத்தமான அளவு கிடைக்க நேரமாயிற்று.

மகள் எல்லாவற்றையும் சொன்னபின் கபோர் என்னிடம் வந்தார். நான் அவள் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைக்கூட உயர்த்தவில்லை.

"ஏனுங்க இப்புடிச் செஞ்சு போட்டீங்க?" என்று கேட்டார்.

அந்த நேரத்திலும் ஒரு ‘ங்க’ குறையவில்லை. நம் பேச்சு அவருக்கு எவ்வளவு அழகாக வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் பதில் சொல்ல விட்டுப்போயிற்று.

இதுவரை எழுதியதை மேடம் படித்துப் பார்த்துவிட்டு, தேதி இடிக்கிறதே என்றார். விசாரணை வந்தது ஐப்பசி முதல் தேதியிலிருந்து. முப்பது நாள் நீங்கள் மழுப்பலாகப் பதில் எழுதிச் சமாளித்திருக்கிறீர்கள். கார்த்திகையில் திடீரென்று எதற்காக அவரைச் சாகடித்தீர்கள் என்று கேட்டார். படித்த பெண், கெட்டிக்காரர். ஆகவே ஃபைலில் இல்லாத ஒரு கடிதத்தை இப்போது கொடுக்கிறேன். இது பூஜை அறையில், பெருமாள் படத்துக்குப் பின்னால் இருந்தது.

இது ஓபராவிலிருந்து தபாலில் வந்தது. போனைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தேன். பங்குனித் தேர்வில் யாரும் தேறவில்லை. பதினான்கு வருடம் அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் நாங்கள், அவருக்குத் தேர்வு தேவையில்லை, முதல் கிளாரினெட் அவருக்குத்தான், தை முதல் தேதிவரை காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கீழே முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரின் நடுங்கிய கையெழுத்தும் இருந்தது. அப்போது கபோர் மாடியில் அந்தத் தேர்வுக்கான பாடத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பத்துப் படி ஏறிப்போய்க் கொடுத்திருக்கலாம். நான் பிளக்ஸ் கடைக்குப் போனேன்.

அந்த இடத்தில் இப்போது இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் வாசிக்கிறானாம். கபோருக்கு நாற்பத்தொன்பது ஆகிவிட்டது, இனி அங்கே இரண்டாவது இடம்கூட இல்லை என்று மேடம் சொன்னார். வியாழக்கிழமை அப்பாவும் மகளும் கிளம்புகிறார்கள். பக்கத்து அறையில் ஜோஃபி ஃபைலைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பது இங்கிருந்து தெரிகிறது. முப்பதாவதோ என்னவோ படிக்கிறாள்.

அவர் கேட்டதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். மில் இருந்த காலத்தில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கார்க் கதவைத் திறக்க வருவார்கள். மூடியபிறகும் எல்லோரும் வாங்க என்றுதான் சொன்னார்கள். நம் ஊரில் வாங்க என்பதற்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த வாங்க என் முகத்தைப் பார்த்து வராது, எனக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்து வரும். ஒன்பது வருடம் அப்படிப் போய் வந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி, யாரும் கவனிக்காமல் வெளியே வந்து, டிரைவர் இல்லாத காரை நானே எடுத்துக்கொண்டு வீடு வருவேன். வரும் வழியெல்லாம் அவமானமாக இருக்கும். கபோரோடு இறங்கிய முதல் நாளிலிருந்து யாரும் எனக்குப் பின்னால் பார்க்கவில்லை. அதற்காகத்தான் செய்தேன். அவருக்காக என்று இதுவரை எழுதியதில் எதுவும் அவருக்காக இல்லை.

இதை யாராவது அவருடைய மொழியில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று மேடத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்தால் புரிந்துகொள்வார். ஆவணியில் ஒன்பது முகூர்த்தத்துக்கு அவர் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றையும் இன்னும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.